இருதயத்தின் காயத்தை இரத்தம் சொல்லும்

(நன்கொடையாளர் நன்றி கூடுகையில் ஆஸ்பத்திரிப் போதகர் ஆற்றிய உரை)



இத்தகைய கூடுகையில் வேதபாடம் ஒன்றைத் தியானிப்பது வழக்கம். இந்த முறை, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் எங்களைப் பார்த்து அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறோம். "காய்ச்சல் என்றுதானே கொண்டுவந்தோம். இப்போது இருதயமும் கெட்டுவிட்டது என்கிறார்களே, ஐயா?"

ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் தொழிலை நம்பி வாழும் ஊர்கள் நம்முடையவை. தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்கிறவர்கள் காய்ச்சலுக்காக வேலையை விடுவதில்லை. ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் கூலி போயிற்று. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஐந்தாறு நாள் தள்ளிவிட்டு, மூச்சு வாங்கும்போதுதான் நம்மிடம் வருகிறார்கள். காலில் ஆறாத சர்க்கரைப் புண், சிறுநீர்த் தொற்று, நிமோனியா, எலிக்காய்ச்சல், மழைக்குப் பின் வரும் உண்ணிக்காய்ச்சல் ஆகிய இவற்றில் எது முற்றினாலும் செப்சிஸ் ஆகலாம்.

"இரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது" என்று நம் ஜனங்கள் சொல்வது இதைத்தான். கிருமியை எதிர்க்க எழும்புகிற உடலின் சக்தியே கட்டுக்கடங்காமல் போய், தன் சொந்த உறுப்புகளைக் காயப்படுத்துகிற நிலை அது. 2017-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஏறக்குறைய 4 கோடியே 89 லட்சம் பேருக்கு இது வந்தது என்றும், 1 கோடியே 10 லட்சம் பேர் இதோடு மரித்தார்கள் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். சிறுநீரகமும் நுரையீரலும் தாக்கப்படுவது கண்ணுக்குத் தெரிந்துவிடும். இருதயம் தாக்கப்படுவது எளிதில் தெரிவதில்லை. நெஞ்சு வலி என்று சொல்ல, மயங்கிக் கிடக்கிறவருக்கு வாய் ஏது?

இங்கேதான் ஒரு சிறு குப்பி இரத்தம் பேசுகிறது. இருதயத் தசை நார்களுக்குள் டிரோபோனின் என்ற புரதம் இருக்கிறது. தசை சுருங்குவதும் தளர்வதும் அதன் உதவியால்தான். அது இருக்கவேண்டிய இடம் தசை. தசை காயப்பட்டால் இரத்தத்தில் கசிகிறது. வாய்க்காலில் நீலம் கலந்த தண்ணீர் ஓடினால், உள்ளே குரோம் தொட்டி கசிகிறது என்று தோல் வேலை தெரிந்தவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. அப்படித்தான் இதுவும்.

இரண்டாவது பரிசோதனை பி.என்.பி. எனப்படும் பொருளை அளப்பது. 1988-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இதை முதலில் பன்றியின் மூளையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இதை அதிகம் சுரப்பது இருதயமே என்பது பிறகு தெரியவந்தது. தாங்கமுடியாத பாரத்தால் இருதயத்தின் சுவர் இழுபடும்போது இதன் அளவு ஏறுகிறது.

இதைத் தெரிந்துகொள்வதால் என்ன பயன்? செப்சிஸ் நோயாளிக்கு இரத்த அழுத்தம் விழும். டாக்டர்கள் குளுக்கோஸ் பாட்டில் என்று நாம் சொல்லும் நரம்புவழித் திரவத்தை ஏற்றுவார்கள். இருதயம் பலமாயிருந்தால் அது உயிர் காக்கும். சோர்ந்த இருதயத்துக்கோ அதே திரவம் அதிகமானால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆகவே எக்கோ எடுத்துப் பார்த்து, திரவத்தை அளந்து கொடுத்து, அழுத்தத்தை உயர்த்தும் மருந்தைச் சேர்க்கிறார்கள்.

ஆனால் அந்த எண்ணைத் தனியே வைத்துத் தீர்ப்புச் செய்யக்கூடாது என்றும் டாக்டர்கள் சொல்லுகிறார்கள். டிரோபோனின் ஏறினதெல்லாம் மாரடைப்பு அல்ல. சிறுநீரகம் பழுதானாலும் அது உயர்ந்திருக்கும். ஆகவே சில மணி நேரம் கழித்து மறுபடியும் இரத்தம் எடுக்கிறார்கள், ஈ.சி.ஜி.யும் எக்கோவும் பார்க்கிறார்கள்.

இது எங்கோ தூர தேசத்துச் செய்தி அல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர்கள், தீவிர சிகிச்சைக்கு வந்த உண்ணிக்காய்ச்சல் நோயாளிகளின் இருதயத்தை ஆராய்ந்து 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பாதிக்கும் அதிகமானோரிடம் இருதயக் காயத்தின் அடையாளம் இரத்தத்தில் இருந்தது. இருதயத் தசை அழற்சி என்று சொல்லத்தக்க நிலை அதிலும் மிகக் குறைவானவர்களுக்கே இருந்தது. 2023-ல், அதே கல்லூரியின் டாக்டர் ஜார்ஜ் எம். வர்கீஸ் தலைமையில், இந்தியாவின் 7 ஆஸ்பத்திரிகளில் 794 பேரிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. மரணம், நீடிக்கும் சிக்கல், விடாத காய்ச்சல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது, இரண்டு மருந்துகளைச் சேர்த்துப் பெற்றவர்களில் 33 சதவீதம் பேருக்கு அத்துன்பம் நேர்ந்தது. ஒரே மருந்து பெற்றவர்களில் அது 47, 48 சதவீதம். காயத்தை அறிவது ஒரு பாதி; காயத்தின் காரணத்தைக் காலத்தோடே தாக்குவது மறு பாதி.

இனி, போதக ஊழியம் செய்கிற எங்கள் பக்கத்தைச் சொல்லுகிறோம். ஷூ கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு தாயாருக்கு இருதயமும் தாக்கப்பட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னவுடனே, வீட்டார் ஒதுங்கிக் கூடிப் பேசினார்கள். "இருதயமே போன பிறகு செலவு செய்து என்ன? வீட்டுக்குக் கொண்டுபோவோம்" என்று தீர்மானித்துவிட்டார்கள். மூத்த மகன் எங்களிடம் வந்து கடைசி ஜெபம் செய்யச் சொன்னான். ஜெபத்துக்கு முன், டாக்டரை அழைத்து அவனோடு உட்காரவைத்தோம். செப்சிஸால் சோர்ந்த இருதயம், நோயாளி பிழைத்தால் பெரும்பாலும் மறுபடியும் பலப்படும். 1984-லேயே அமெரிக்க மருத்துவர்கள், பிழைத்தவர்களின் இருதயம் 7 முதல் 10 நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பியதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். டாக்டர் இதை விளக்கினபோது மகன் கேட்டது ஒன்றே: "அப்படியானால் இது காயந்தானா? சாவு இல்லையா?" அந்தத் தாயார் நடந்து வீடு போனார்கள். எல்லோரும் அப்படிப் போவதில்லை. அதையும் உங்களிடம் மறைக்கமாட்டோம்.

தினக்கூலிக் குடும்பத்துக்கு இந்தப் பரிசோதனைகள் சிறு செலவல்ல. ஒரு தடவையோடு முடிவதுமில்லை. பணம் இல்லை என்பதற்காக அந்த இரண்டாவது குப்பி இரத்தம் எடுக்கப்படாமல் போகக்கூடாது. ஏழை நோயாளர் நிதிக்கு நீங்கள் கொடுப்பது இதற்காகத்தான்.

நல்ல சமாரியனை நினைத்துக்கொள்ளுங்கள். காயத்தைக் கட்டினதோடு அவன் போய்விடவில்லை. விடுதிக்காரனிடம் காசு கொடுத்து, அதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் ஏற்றுக்கொண்டான். வேலூரிலும் அப்படியே நடந்தது. நியூயார்க்கில் ஒரு வங்கியாளர் தம் மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரைக் கொண்டு, ஐடா ஸ்கடர் அம்மையார் 1902-ல் 40 படுக்கைகளோடு ஆஸ்பத்திரியைத் திறந்தார்கள். கொடுத்தவர் நோயாளிகளின் முகத்தைக் கண்டதில்லை. நீங்களும் அநேகருடைய முகத்தைக் காணமாட்டீர்கள்.

ஒரு வேண்டுதலோடு முடிக்கிறோம். உங்கள் வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ காய்ச்சலோடு மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு, சிறுநீர் குறைதல், கைகால் சில்லிடுதல் கண்டால் விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடம்பில் சிகரெட் சுட்டதுபோல் கருத்த புண் இருக்கிறதா என்று மறைவிடங்களிலும் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள்; அது உண்ணிக்காய்ச்சலின் அடையாளமாயிருக்கலாம். சீக்கிரம் வருகிறவர்களுக்குச் செய்யத்தக்கது அதிகம் உண்டு.

காயங்களை ஆற்றுகிற தேவன் உங்களையும் உங்கள் வீட்டாரையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.