உடலும் ஒப்பனையும்

(திருவரங்கத்தில் தமிழ் மாணவரிடையே ஆற்றப்பட்ட உரை)



திருவரங்கப் பெருங்கோயில் மதில்களில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் உள்ளன. அவற்றின்மேல் சுண்ணம் பூசலாம்; வண்ணம் மாற்றலாம். பூச்சு உதிர்ந்தாலும் வெட்டிய எழுத்து நிற்கும். எழுத்து கல்லின் உடலோடு ஒன்றியது, பூச்சோ மேலணி.

இணையப் பக்கத்திலும் இவ்விரண்டும் உண்டு. செய்தி உடல், நிறமும் அளவும் இடைவெளியும் அணி. அணியைத் தனியே எழுதிவைக்கும் ஏடே ஒப்பனைத்தாள். கல்லூரிகளில் 'சி.எசு.எசு.' என வழங்குவது இதுவே. நோர்வே நாட்டு ஆக்கன் வியம் இலீ 1994-இல் இதனை முன்மொழிந்தார். 1996 திசம்பரில் இதன் முதற்படி உலக வலைக்குரிய தர அமைப்பால் வெளியிடப்பெற்றது.

இதன் இலக்கணம் எளிது. எதற்கு, எப்பண்பு, எவ்வளவு என்னும் மூன்றும் சேர்ந்தால் ஒரு நெறி. 'தலைப்பு, நிறம், சிவப்பு' என ஒருமுறை எழுதினால், அத்தாளோடு இணைந்த நூறு பக்கங்களின் தலைப்புகளும் சிவக்கும். பொதுநெறியும் சிறப்புநெறியும் முரணினால் சிறப்புநெறி வெல்லும். இரண்டும் ஒத்த வலிமையவாயின் பின்னது வெல்லும். இலக்கணம் பயின்ற தமிழ் மாணவனுக்கு இதில் அஞ்சுதற்கு என்ன உளது?

உடல் வேறு, ஒப்பனை வேறு என்பதை அறியாமையால் தமிழர் இழந்தது பெரிது. பாமினி என்னும் பழைய எழுத்துருவில் 'தமிழ்' எனத் தட்டினால், கணினியினுள் பதிவது சே, கே, பி, ஓ என்னும் நான்கு உரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே! அங்கே தமிழ் வெறும் ஒப்பனை. எழுத்துருவை நீக்கின் அக்குறிகளே எஞ்சும். 'தமிழ்' எனத் தேடினும் அப்பக்கம் கிட்டாது. இவ்வாறு எழுதப்பெற்ற பக்கங்கள் எத்தனை எத்தனை! 1991-இல் வெளிவந்த ஒருங்குறியில் தமிழெழுத்துகள் தமக்கெனத் தனியிடம் பெற்றன. 2010-இல் தமிழ்நாட்டரசும் ஒருங்குறியை ஏற்றது. இன்றும் பழைய எழுத்துருக்களைக் கைவிடாதார் உளர். அவர்தம் உழைப்பு சுண்ணத்தின்மேல் எழுதிய கல்வெட்டு!

ஆதலின் மாணவர் முதற்கண் ஒருங்குறியில் எழுதுக. பக்கத்தின் மொழி தமிழ் என்பதை அதற்குரிய ஈரெழுத்துக் குறியால் தெரிவிக்க. எழுத்தைப் படித்துக் காட்டும் கருவி அதனாலேயே தமிழை இனங்காணும். தமிழில் மேல்விலங்கும் கீழ்விலங்கும் உள. ஆங்கிலத்திற்கு அளந்த வரியுயரம் அவற்றை நெருக்கும். வரியுயரத்தைச் சற்றே கூட்டுக. பட்டியலின் எண்வகைக்குத் 'தமிழ்' என உரோமன் எழுத்தில் குறித்தால் ௧, ௨, ௩ எனத் தமிழெண்கள் தாமே வரும். உலகத் தரத்திலேயே தமிழெண்ணுக்கு இடம் உண்டு. அதனைப் பயன்கொள்ளும் தமிழரோ மிகச் சிலர்.

1964 சனவரி 25 அன்று கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி தமிழுக்காகத் தீக்குளித்தது, காவிரிக்கு அக்கரையில், திருச்சிராப்பள்ளித் தொடர்வண்டி நிலையத்தின் முன்னர்தான். இன்று தமிழ் தன் மக்களிடம் உயிரைக் கேட்கவில்லை. சில மாலைப்பொழுதுகளைக் கேட்கிறது. அதனையும் தாரோமோ?

வெல்க தமிழ்!