சொல் அம்பலம் ஏறாத இருவர்



துப்பறியும் கதைக்கென்று ஒரு மாநாடா என்று முகம் சுளிப்போர் இன்னும் உண்டு. இந்த அமர்வுகளின் பொருளே அவர்களுக்குப் பதில்: மனநோயோடு வாழும் துப்பறிவாளர், அவர் காக்க வேண்டிய குழந்தை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். மனநோயாளி என்று பெயர் வாங்கியவர் சொல்லும் குழந்தையின் சொல்லும் அதற்கும் கீழ்ப்படியில் நின்றவை. கொலையாளி யார் என்ற கேள்வியோடு, யார் பேச்சை நம்புவது என்ற கேள்வியையும் இக்கதைகள் எழுப்புகின்றன.

சார்லஸ் டாட் என்பது அமெரிக்கத் தாயும் மகனும் சேர்ந்து எழுதிய பெயர். அப்பெயரில் 1996இல் வந்த 'எ டெஸ்ட் ஆஃப் வில்ஸ்' நாவல் 1919இல், இங்கிலாந்தின் வார்விக்ஷயர் கிராமமொன்றில் நடக்கிறது. கர்னல் ஒருவர் கொல்லப்படுகிறார். விசாரிக்க வரும் ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டர் இயன் ரட்லெட்ஜ், முதல் உலகப் போர்முனையிலிருந்து 'ஷெல் ஷாக்' எனப்படும் போர் அதிர்ச்சி நோயோடு திரும்பியவர். 1916இல் சோம் போர்க்களத்தில், கட்டளைக்குப் பணிய மறுத்த ஹேமிஷ் என்ற வீரனைச் சுட்டுக்கொல்லும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. செத்துப்போன ஹேமிஷின் குரல் இப்போது ஓயாமல் அவரோடு வாதாடுகிறது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். அதனால் மறைக்கிறார்.

அவருக்குக் கிடைக்கும் சாட்சிகளைப் பாருங்கள். ஒருவன் ஹிக்கம்: அதே நோயால் நிலைகுலைந்து குடியில் மூழ்கிய முன்னாள் சிப்பாய். மற்றவள் லிஸி: அதிர்ச்சியில் பேச்சே நின்றுபோன சிறுமி. ஊரார் ஒருவனை ஏளனம் செய்கிறார்கள், இன்னொருத்தியைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

இது வெறும் கற்பனை இல்லை. 'ஷெல் ஷாக்' என்ற பெயரை மருத்துவ உலகில் பரவச் செய்தது, சார்லஸ் மையர்ஸ் 1915இல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை. போர் முடிவதற்குள் பிரிட்டிஷ் படையில் ஏறத்தாழ 80,000 பேருக்கு அந்நோய் இருந்ததாகக் கணக்கிடப்பட்டது. கோழைத்தனம், படையைவிட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காகச் சுடப்பட்ட 306 பேருக்கு பிரிட்டன் மன்னிப்பு வழங்கியது 2006இல்தான்.

வாயடைத்துப் போனவரை எப்படிப் பேசவைப்பது? அன்றைய மருத்துவர்களிடம் நேர் எதிரான இரண்டு வழிகள் இருந்தன. லண்டன் குவீன் ஸ்கொயர் மருத்துவமனையில் லூயிஸ் யீலண்ட், பேச்சிழந்த சிப்பாய்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார். எடின்பரோவின் கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ், நோயாளிகளோடு உட்கார்ந்து பேசினார். அடக்கிவைத்த நினைவுதான் ஆளை அரிக்கிறது என்றார்.  லிஸியின் முன்னால் ரட்லெட்ஜ் நிற்கும்போது அவர் எந்த வழியைத் தேர்கிறார் என்பதே நாவலின் அறச்சோதனை. மிரட்டினால் வாக்குமூலம் கிடைக்கலாம், குழந்தை மிஞ்சாது.

சட்டமும் குழந்தையை லேசில் நம்பவில்லை. பிரமாணம் எடுக்காமல் சிறுவர் சொல்லும் சாட்சியத்துக்கு வேறு ஆதாரம் துணை நிற்காவிட்டால் குற்றம் சாட்டப்பட்டவரைத் தண்டிக்கக் கூடாது என்றது இங்கிலாந்தின் 1933ஆம் ஆண்டுச் சட்டம். அந்த நிபந்தனை 1988இல்தான் நீக்கப்பட்டது. அதுவரை, தனிமையில் கொடுமைக்கு ஆளான குழந்தையின் வழக்கு எத்தனை பலவீனமாக நின்றிருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

2002 முதல் 2009 வரை ஓடிய 'மங்க்' தொலைக்காட்சித் தொடர் வேறு வகை. சான்பிரான்சிஸ்கோ துப்பறிவாளர் ஏட்ரியன் மங்குக்கு ஓசிடி என்னும் எண்ணச் சுழற்சி நோய். தூசியும் கிருமியும் அவரைக் குலைத்துவிடும். 2005இல் வந்த ஒரு பகுதியில், வெட்டுண்ட மனித விரலோடு டாமி என்ற சின்னஞ்சிறு குழந்தை கிடைக்கிறான். அவனைத் தற்காலிகமாக வளர்க்க முன்வருகிறார் மங்க். வழக்கு முடிகிறது, பாசமும் வளர்கிறது. ஆனாலும் தன்னால் ஒரு குழந்தையை வளர்க்க இயலாது என்று உணர்ந்து, வளர்ப்புக் குடும்பத்திடம் அவனை விட்டுக்கொடுக்கிறார். நகைச்சுவைத் தொடர்தான், ஆயினும் பல சீரியஸ் நாவல்கள் காட்டாத நேர்மை அதில் இருக்கிறது. காப்பாற்றுவது என்றால் கூடவே வைத்துக்கொள்வது என்று அது சொல்லவில்லை.

இவ்வகைக் கதைகளில் மலிந்த குறைகள் இரண்டு. நோயையே அமானுஷ்ய அறிவாக்கி, துன்பத்தை மறைத்துவிடுவது ஒன்று. துப்பறிவாளரின் மனம் இளக ஒரு கருவியாகக் குழந்தையைக் கொண்டுவந்து, காரியம் முடிந்ததும் மறந்துவிடுவது மற்றொன்று. ஆனால் ரட்லெட்ஜின் நோய் அவருக்குத் தடயம் எதையும் எடுத்துக் கொடுப்பதில்லை. ஹிக்கமைப் பார்த்து மற்றவர்போல் சிரிக்க முடியாமல் செய்கிறது, அவ்வளவே. அந்த அளவு போதும்.

கட்டுரை படிக்க வந்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். துப்பறிவாளரின் நோய்க்குப் பெயர் சூட்டுவதோடு ஆய்வை முடித்துவிடாதீர்கள். கதையில் அந்தக் குழந்தைக்கு எத்தனை வரி பேச்சு கிடைத்தது, அதை யார் கேட்டார்கள், வழக்கு முடிந்த பின் அது எங்கே போனது என்பதையும் எழுதுங்கள்.