பானட்டுக்குள்ள ஒரு பட்டாசு ஆலை

போன எபிசோடுல டயர் பத்திப் பேசினோம். அதுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் நோட்டுகள்ல பாதிக்கு மேல ஒரே கேள்விதான். "தார் எடுத்தாச்சு, அடுத்து பானட்டுக்குள்ள என்னென்ன போடலாம்?" ரெண்டாவது பேட்டரி, வின்ச், லைட் பார், ஏர் கம்ப்ரஸர், ஸ்நார்க்கல், ஓப்பன் ஏர் ஃபில்டர்னு ஆளுக்கு ஒரு லிஸ்ட் அனுப்பியிருந்தீங்க.

எல்லாம் போடலாம். ஆனா எதைப் போடுறோம்ங்கிறதை விட, எப்படிப் பிரிச்சு வைக்கிறோம்ங்கிறதுதான் எஞ்சின் பேல முக்கியம். ஆஃப்-ரோடு வண்டி தீப்பிடிக்கிறதுக்கு எஞ்சினை விட, நாம அப்புறமா சேர்த்த ஒரு வயர் காரணமா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

நான் விருதுநகர்க்காரன். எங்க பக்கம் இந்த விஷயத்தைப் புரிய வைக்க ரொம்ப தூரம் போக வேண்டாம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை ரோட்டுல போனா பட்டாசு ஆலைகளைப் பார்த்திருப்பீங்க. ஒரே பெரிய கட்டடமா இருக்காது. பொட்டல் காட்டுல சின்னச் சின்ன அறைகள், ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல நல்ல இடைவெளி. இடம் நிறைய கிடைச்சதால அப்படிக் கட்டலை. 2008-ம் வருஷத்து வெடிபொருள் விதிகள் அந்த இடைவெளியைக் கேட்குது. ஒரு அறையில இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான்னும் கணக்கு இருக்கு. உள்ள போறதுக்கு முன்னாடி வாசல்ல இருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்புல இருக்கிற ஸ்டாட்டிக் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிட்டுத்தான் போகணும்.

இதுக்குப் பின்னாடி இருக்கிற யோசனை ரொம்ப நேர்மையானது. "விபத்தே நடக்காது"ன்னு அது சொல்லலை. நடந்தா அந்த ஒரு அறையோட நிக்கணும், பக்கத்து அறைக்குப் போகக் கூடாதுன்னு சொல்லுது. அந்தக் கணக்கை மீறும்போது என்ன ஆகும்னு எங்க மாவட்டத்துக்குத் தெரியும். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில நடந்த விபத்துல 30 பேருக்கும் மேல இறந்தாங்க. இங்க அதை யாரும் மறக்கலை.

சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இந்த யோசனை புதுசு இல்ல. ஒரு சர்வீஸ் விழுந்தா மொத்த சிஸ்டமும் விழக் கூடாதுன்னுதானே தினமும் டிசைன் பண்றோம்? இப்போ அதை அப்படியே பானட்டுக்குள்ள கொண்டு போவோம்.

முதல்ல ஃப்யூஸ். ஃப்யூஸ் லைட்டைக் காப்பாத்துறதுக்குன்னு பல பேர் நினைக்கிறாங்க. அது காப்பாத்துறது வயரை. பேட்டரியில இருந்து லைட் பாருக்கு 2 மீட்டர் வயர் போகுதுன்னு வைங்க. நடுவுல எங்கயோ தோல் உரிஞ்சு பாடியைத் தொட்டா, பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியரை அந்த வயர் வழியாத் தள்ளும். சில நொடியில வயர் சிவந்து, மேல இருக்கிற பிளாஸ்டிக் எரியும். ஃப்யூஸ் இருந்தா அது முன்னாடியே அறுந்துடும்.

ஆனா அந்த ஃப்யூஸ் எங்க இருக்கு? பல வண்டிகள்ல லைட்டுக்குப் பக்கத்துல இருக்கு. அப்போ பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவுல இருக்கிற வயருக்குக் காவலே இல்ல. ஃப்யூஸ் பேட்டரி பாசிட்டிவ் முனைக்கு எவ்வளவு பக்கத்துல முடியுமோ அவ்வளவு பக்கத்துல இருக்கணும். ஒரு சாண் தூரத்துக்குள்ள இருந்தா நல்லது. ஃப்யூஸோட அளவை வயர் தாங்கும் அளவை வெச்சு முடிவு பண்ணுங்க. "15 போட்டா அடிக்கடி போகுது, அதனால 30 போட்டுட்டேன்"னு யாராவது சொன்னா, ஏன் போகுதுன்னு கண்டுபிடிக்காம காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிட்டார்னு அர்த்தம்.

ரெண்டாவது, வயரோட தடிமன். நம்ம ஊர்ல ரொம்பப் பிரபலமான மாற்றம் ஹெட்லைட் பல்பு. கம்பெனி கொடுக்கிற ஹாலஜன் ஹெச்4 பல்பு 60/55 வாட்ஸ். அதை எடுத்துட்டு 100/90 போடுவோம். ஹைபீம்ல ரெண்டு பல்புக்கும் சேர்த்து 120 வாட்ஸா இருந்தது 200 ஆகுது. 12 வோல்ட்ல கணக்குப் போட்டா 10 ஆம்பியர் ஓடின இடத்துல கிட்டத்தட்ட 17 ஆம்பியர். "ஒன்றரை மடங்கு சொச்சம்தானே?"ன்னு தோணும். வயர்ல வர்ற சூடு ஆம்பியரோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். அப்படிப் பார்த்தா சூடு கிட்டத்தட்ட 3 மடங்கு. சுவிட்ச், கனெக்டர், பழைய வயர் எல்லாம் அந்த மூணு மடங்கைத் தாங்கணும். அதனாலதான் ரிலே வேணும்னு சொல்றோம். சுவிட்ச் ரிலேக்கு ஒரு சின்ன சிக்னல் மட்டும் கொடுக்கும். பெரிய கரண்ட் ஃப்யூஸோட, தடிமனான வயர்ல, நேரா பேட்டரியில இருந்து போகும்.

வின்ச் இன்னொரு லெவல். 9,500 பவுண்டு வகை வின்ச் முழு பாரத்துல சுமார் 400 ஆம்பியர் எடுக்கும். 12 வோல்ட்ல அது 4,800 வாட்ஸ். ஆல்டர்னேட்டர் தர்றது இதுல ஒரு பங்குதான், மிச்சம் பேட்டரியில இருந்து வரணும். அதனால தொடர்ந்து இழுக்காம, கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, திரும்ப இழுக்கணும். வின்ச் லைனுக்குக் கையால திருப்பி அணைக்கிற ஐசொலேட்டர் சுவிட்ச் கட்டாயம் போடுங்க. வின்ச் வேலை செய்யாத நேரத்துல முன் பம்பர் வரைக்கும் உயிருள்ள பேட்டரி லைன் போக வேண்டிய அவசியமே இல்ல. முன்னாடி லேசா இடிச்சாலே அந்த வயர் நசுங்கும்.

ரெண்டாவது பேட்டரி வைக்கிறவங்களுக்கு ஒண்ணு. ரெண்டையும் சும்மா வயரால இணைச்சுடாதீங்க. நடுவுல வோல்டேஜைப் பார்த்து இணைக்கிற, பிரிக்கிற ஒரு ரிலே வேணும். எஞ்சின் ஓடி வோல்டேஜ் சுமார் 13.3-க்கு மேல வந்தா சேர்க்கும், 12.8-க்குக் கீழ இறங்கினா பிரிக்கும். கேம்ப்ல ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ் ஓடினாலும் காலையில ஸ்டார்ட் பண்ற பேட்டரி தப்பிச்சுக்கும். இதுவும் தனித்தனி அறை கதைதான். அப்புறம் அந்தப் பேட்டரியை இரும்புக் கிளாம்ப் போட்டு அசையாம இறுக்குங்க, பாசிட்டிவ் முனைக்கு ரப்பர் மூடி போடுங்க. குண்டும் குழியுமான பாதையில பேட்டரி ஒரு இஞ்ச் எகிறி பானட்டோட இரும்பைத் தொட்டா போதும்.

அடுத்தது ஃபயர்வால். ஐடியில இந்தச் சொல்லைத் தினமும் சொல்றோம். வண்டியில அது நிஜமான சுவர்: எஞ்சினுக்கும் நம்ம காலுக்கும் நடுவுல இருக்கிற தகடு. லைட் சுவிட்சுக்கு வயர் கொண்டு வர அதுல ஓட்டை போடுவாங்க. அந்த ஓட்டையில ரப்பர் க்ரோமெட் இல்லன்னா தகட்டோட விளிம்பு வயரை அறுத்துக்கிட்டே இருக்கும். ஒரே நாள்ல இல்ல, ஆறு மாசத்துல. எங்க கரிசல் காட்டுப் பாதையில இன்னும் சீக்கிரமா.

சூட்டையும் சேர்த்துக்கோங்க. வீட்டு வயரிங்குக்கு வர்ற சாதாரண பிவிசி வயர் 70 டிகிரி செல்சியஸுக்குன்னு செஞ்சது. மே மாசத்துல, வெளியவே 40 டிகிரி இருக்கும்போது, டர்போ பக்கத்துல 70-ங்கிறது ஒண்ணுமே இல்ல. வண்டிக்குன்னு வர்ற, 105 இல்லன்னா 125 டிகிரி தாங்குற வயரைக் கேட்டு வாங்குங்க. "டீசல் வண்டிதானே, தீப்பிடிக்காது"ன்னு சொல்றதும் பாதிதான் உண்மை. டீசல் சாதாரணமா ஆவியாகி ஒரு பொறியில பத்திக்காதுங்கிறது சரி. ஆனா பொறியே இல்லாம, வெறும் சூட்டுலயே பத்திக்கிறதுக்கு டீசலுக்குப் பெட்ரோலை விடக் கம்மி சூடு போதும். டர்போ மேல டீசலோ எஞ்சின் ஆயிலோ தெறிச்சா, அந்தச் சூடு அங்க தயாரா இருக்கு. அதனால புது வயரும் டீசல் ஹோஸும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு ஒரே டேக்ல கட்டியிருக்கக் கூடாது.

இன்னும் ஒரு உள்ளூர் சமாச்சாரம். சீமைக்கருவேல மரத்து நிழல்ல வண்டி விட்டுப் பாருங்க. அந்தப் பொடி இலை கண்ணாடிக்குக் கீழ இருக்கிற ஜாலி வழியா இறங்கி, எஞ்சின் மூலையில குவியும். காஞ்சா நல்ல பத்த வைக்கிற சாமான். வாரம் ஒரு தடவை கையால எடுத்துடுங்க. கரிசல் சேறு ரேடியேட்டர்ல அப்பிக் காஞ்சா சிமென்ட் மாதிரி. அதை எஞ்சின் பக்கத்துல இருந்து வெளிப்பக்கமா, கம்மி பிரஷர் தண்ணியில கழுவுங்க. பிரஷர் வாஷரைப் பக்கத்துல வெச்சா ஃபின் எல்லாம் மடங்கிடும்.

ஸ்நார்க்கலுக்கு வருவோம். எஞ்சின் தண்ணியை உறிஞ்சா, பிஸ்டனால அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். காத்து எடுக்கிற வாயை உயரத்துக்குக் கொண்டு போறதுதான் ஸ்நார்க்கல். அது காத்து வழியை மட்டும்தான் காப்பாத்தும். ஃப்யூஸ் பாக்ஸ், ஆல்டர்னேட்டர், ஆக்ஸில் ப்ரீதர் எல்லாம் பழைய உயரத்துலயேதான் இருக்கு. 2020 தாருக்குக் கம்பெனி சொல்ற தண்ணி ஆழம் 650 மில்லிமீட்டர். ஸ்நார்க்கல் மாட்டினதும் அது கூடிடாது. ஐப்பசி, கார்த்திகையில கண்மாய் மறுகால் பாயும்போது, ஓடுற தண்ணியில ஸ்நார்க்கலை நம்பி இறங்காதீங்க. எங்க ஊருக்கு அதோட நிஜமான பயன் புழுதி. கான்வாய்ல முன்னாடி வண்டி கிளப்புற கரிசல் புழுதி கீழதான் அதிகம், மேல காத்து கொஞ்சம் சுத்தம். அதே காரணத்துக்காக ஓப்பன் ஃபில்டர் வேண்டாம்னு சொல்வேன். அது பானட்டுக்குள்ள இருக்கிற சூடான காத்தை எடுக்கும். ஒவ்வொரு 3 டிகிரி ஏற்றத்துக்கும் காத்தோட அடர்த்தி சுமார் 1 சதவீதம் குறையும். சத்தம் கூடும், சக்தி கூடாது.

சட்டத்தையும் பார்த்துடுவோம். மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 52. ஆர்சியில இருக்கிற விவரம் கம்பெனி கொடுத்த அமைப்புல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. கேரளாவுல இருந்து போன வழக்குல 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செஞ்சது. பழைய எம்எம்540-ல வேற எஞ்சின் இறக்கணும்னு ஆசைப்படுறவங்க, முதல்ல ஆர்டிஓ அனுமதி, அப்புறம்தான் ஒர்க்ஷாப். சின்ன மாற்றமா இருந்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல சொல்லிடுங்க. சொல்லாததைப் பத்தி க்ளெய்ம் நேரத்துல கேள்வி வரும்.

வேடிக்கை என்னன்னா, எஞ்சின் பேயை மாத்தியே ஆகணும்னு சட்டமே சொல்ற வண்டிகளும் இருக்கு. நம்ம ரோட்டுல போற பெட்ரோல் டேங்கர் லாரியைப் பாருங்க. சைலன்ஸர் முன்பக்கமாத் திரும்பியிருக்கும், அதுல தீப்பொறியைப் பிடிக்கிற ஸ்பார்க் அரெஸ்டர் இருக்கும். பேட்டரியைத் துண்டிக்க கைக்கு எட்டுற இடத்துல ஒரு சுவிட்ச் இருக்கும். அழகுக்காக எதுவும் இல்ல. நம்ம வண்டியில அந்த அளவுக்கு வேண்டாம், ஆனா அந்தப் புத்தி வேணும். கூடுதலா நீங்க சேர்த்த எல்லா லைனையும் ஒரே சுவிட்சுல அணைக்க முடியணும். கம்பெனி லைன்ல கை வைக்காதீங்க. எஞ்சின் ஓடும்போது மெயின் பேட்டரியைத் துண்டிச்சா வோல்டேஜ் எகிறி ஈசியூ போயிடலாம். அப்புறம், பழைய மெக்கானிக்கல் டீசல் எஞ்சின் வெச்சிருக்கிறவங்க ஞாபகம் வெச்சுக்கோங்க: பேட்டரியைக் கழட்டினாலும் அது ஓடிக்கிட்டேதான் இருக்கும். ஸ்டாப் கேபிள் வேலை செய்யுதான்னு மாசம் ஒரு தடவை இழுத்துப் பாருங்க.

கேபினுக்குள்ள ஒரு கிலோ பவுடர் எக்ஸ்டிங்விஷர், உட்கார்ந்த இடத்துல இருந்து எட்டுற மாதிரி. பின் சீட்டுக்கு அடியில இருந்தா அது இல்லாத மாதிரிதான். பானட்ல புகை வந்தா எஞ்சினை அணைச்சு, எல்லாரையும் இறக்குங்க. பானட்டை முழுசாத் திறக்காதீங்க, காத்து கிடைச்சா தீ பெருசாகும். விரல் அளவு இடுக்கு விட்டு அதுக்குள்ள அடிங்க. பவுடர் காலியாகியும் தீ நிக்கலைன்னா விலகிடுங்க. வண்டியை விடலாம்.

வயரிங் கடைக்குப் போனா அண்ணன்கிட்ட மூணே கேள்வி கேளுங்க. "அண்ணே, இந்த லைனுக்கு ஃப்யூஸ் எங்க இருக்கு? இந்த வயர் எத்தனை ஆம்பியர் தாங்கும்? இதை மட்டும் தனியா எப்படி அணைக்கிறது?" நல்ல ஆளா இருந்தா சந்தோஷமா காட்டுவார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி"ன்னு பதில் வந்தா, சாவியை வாங்கிக்கிட்டு வேற கடை பாருங்க. வேலை முடிஞ்சதும் ஒவ்வொரு லைனுக்கும் பேர் எழுதி ஒட்டி, போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ரெண்டு வருஷம் கழிச்சு அந்த வயர் எதுக்குன்னு உங்களுக்கே தெரியாது.

அடுத்த எபிசோடுல ரெக்கவரி ஸ்ட்ராப், ஷேக்கிள் பத்திப் பேசலாம். உங்க பானட்டுக்குள்ள இருக்கிற ஃப்யூஸ் போட்டோவை அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன். அதுவரைக்கும் பத்திரமா ஓட்டுங்க.