குடும்பம் ஒன்று, குணம் வேறு
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இலக்கியம் பேசுதற்குப் புலமை மிக்க பெரியோர் பலர் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் யாம், நம் காலனி வீடுகளில் அண்மைக் காலமாக அடிக்கடி காதில் விழும் ஒரு பொருளைப் பற்றியே சில சொற்கள் கூற விழைகின்றோம். டாக்வுட் என்னும் புதர்ச் செடியும் அதன் பழமுமே அப்பொருள். அப்பழத்தை உலர்த்திப் பொடியாக்கி, நீரிழிவைத் தீர்க்கும், கொழுப்பைக் கரைக்கும் என்று விளம்பரம் செய்து விற்கின்றனர். வாங்குமுன் அது யாது என்று நாம் அறிதல் வேண்டாமா?

டாக்வுட் என்ற ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘நாய்மரம்’ என்றாகும். நாய்க்கும் இம்மரத்திற்கும் உள்ள உறவைப் பலர் பலவாறு கூறுவர். இத்தகைய பெயரைக் கொண்டு செடியை அறிய இயலாது. ஆதலின் தாவர நூலார் வழங்கும் பெயரையே நாம் நாடுதல் வேண்டும். சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட தமது நூலில் இவ்வினத்தைக் கார்னஸ் என்று குறித்தார். இலத்தீன் மொழியில் கொம்பைக் குறிக்கும் சொல்லோடு உறவுடைய பெயர் இது. மரம் கொம்பைப் போல் உறுதியானது என்பது கருத்து. பண்டைக் கிரேக்கர் ஈட்டிக் காம்புக்கு இதனைத் தேர்ந்தனர்.

இப்பேரினத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. பெரும்பாலானவற்றில் இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். இலை நரம்புகள் விளிம்பை ஒட்டி வளைந்து நுனியை நோக்கிச் செல்லும். இலையைக் குறுக்கே மெல்லக் கிழித்துப் பிரித்தால், நரம்பிலிருந்து எழும் நுண்ணிய நூல்கள் இரு துண்டுகளையும் பிணைத்து நிற்கும். இனத்தை அறிதற்கு இது நல்ல அடையாளமாகும்.

இவற்றுள் உணவாகப் புகழ்பெற்றது கார்னஸ் மாஸ். தென்கிழக்கு ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும் இதன் தாயகம். இலை விடுமுன்னரே மஞ்சள் பூக்கள் மலரும். கோடையின் இறுதியில் செந்நிறப் பழம் கனியும். துருக்கி, ஈரான், ஆர்மீனியா முதலிய நாடுகளில் இதனைச் சர்பத்தாகவும் ஜாமாகவும் செய்து உண்பர். இதன் உறவான கார்னஸ் அஃபிசினாலிஸ் பழம் சீன மருத்துவத்தில் நெடுங்காலமாக வழங்குவது. ஆனால் அமெரிக்காவின் கார்னஸ் புளோரிடா, பூவழகிற்காக வளர்க்கப்படுவது; அதன் செம்பழம் பறவைகளுக்கு உணவாகுமேயன்றி மனிதர் உண்ணத் தக்கதன்று.

நம் நாட்டிலும் இவ்வினம் உண்டு. கோடை விடுமுறையில் சிம்லாவுக்கும் நைனிதாலுக்கும் சென்று வருவோர், இமயமலைச் சரிவுகளில் வெளிர்மஞ்சள் இதழ் நான்கு விரித்தாற்போல் நிற்கும் சிறு மரத்தைக் கண்டிருக்கலாம். அது கார்னஸ் கேப்பிடேட்டா. இதழெனத் தோன்றுபவை பூவிதழ்கள் அல்ல. பூங்கொத்தைச் சூழ்ந்த பூவடிச் செதில்கள். இலையுதிர் காலத்தில் ஸ்ட்ராபெரியை ஒத்த செம்பழம் கனியும். கட்வால் மக்கள் இதனைப் பமோரா என்று அழைத்து உண்கின்றனர்.

நம் தமிழகத்து வறண்ட காடுகளில் வளரும் அழிஞ்சில் மரத்தை நம்மில் மூத்தோர் அறிவர். அதன் விதை தாய்மரத்தையே மீண்டும் சென்று ஒட்டும் என்று நம் முன்னோர் நம்பினர். முன்பு சிலர் அழிஞ்சிலைத் தனிக் குடும்பமாக வைத்தனர். மரபணு ஆராய்ச்சியைத் துணைக்கொண்டு 1998இல் தொடங்கி வளர்ந்து வரும் புதிய வகைப்பாடு, அதனைக் கார்னேசியே என்னும் டாக்வுட் குடும்பத்திலேயே சேர்த்துள்ளது. நம் ஊர் அழிஞ்சிலும் இமயத்துப் பமோராவும் உறவினர் என்பது மகிழ்ச்சி தரும் செய்தியே. எனினும் அழிஞ்சில் வேர்ப்பட்டை கடும் வாந்தியை உண்டாக்குவது. உறவு நோக்கி ஒன்றன் குணத்தை மற்றொன்றிற்கு ஏற்றுதல் தகாது.

பார்சல் அலுவலகத்தில் மூட்டையின்மேல் ஒட்டிய சீட்டு, அது எங்கிருந்து வந்தது, எவ்வகைச் சரக்கு என்பவற்றைத் தெரிவிக்கும். உள்ளிருப்பது நல்ல நிலையில் உள்ளதா என்பதைத் திறந்து பார்த்தே அறிய வேண்டும். குடும்பப் பெயரும் அத்தகைய சீட்டேயாகும்.

இனி, பழத்தின் நலத்தைக் காண்போம். கார்னஸ் மாஸ் பழத்தில் வைட்டமின் சி உண்டு. செந்நிறம் தரும் ஆந்தோசயனின்களும் துவர்ப்புப் பொருள்களும் உண்டு. இரத்தச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றின்மேல் இதன் பயனை விலங்குகளிடத்தும், சிறு எண்ணிக்கையிலான நோயாளரிடத்தும் ஆராய்ந்து, சில நல்ல குறிகளைக் கண்டுள்ளனர். அவை மேலும் ஆராய்தற்குரிய தொடக்கங்களே. மருந்தை விடுத்து இப்பழத்தையே நம்பலாம் என்பதற்கு அவை சான்றாகா.

இதனை யாம் வற்புறுத்துதற்குக் காரணம் உண்டு. நீரிழிவுடைய அன்பர் ஒருவர், இத்தகைய பொடி ஒன்றை நம்பி, மருத்துவரைக் கேளாமலே மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். சில வாரங்களில் சர்க்கரை ஏறி, கால் புண் ஆறாமல் மருத்துவமனையில் கிடந்தார். பொட்டலத்தில் பழத்தின் படம் இருந்தது; தாவரப் பெயர் இல்லை. எந்த டாக்வுட் என்று அறியாமலே அவர் உண்டிருக்கின்றார்.

ஆகவே தாய்மார்களே, அன்பர்களே, பொட்டலத்தில் தாவரப் பெயரைத் தேடுங்கள், இல்லையேல் வாங்காதீர்கள். மலைக்குச் செல்லும் பிள்ளைகள் சிவந்த பழத்தையெல்லாம் வாயிலிடாதவாறு காத்துக்கொள்ளுங்கள். ஊரார் இன்னதென்று காட்டித் தாமும் உண்ணும் பழத்தைச் சுவைத்து மகிழுங்கள். மருத்துவர் சொல்லாமல் மாத்திரையைக் குறைக்காதீர்கள். வைட்டமின் சி வேண்டுவோர்க்கு நம் காய்கறிச் சந்தையிலேயே நெல்லிக்காய் குறைந்த விலையில் கிடைக்கின்றது.

செடியை அதன் பெயரால் அறிவோம். பழத்தைப் பழமாக உண்போம். நோய்க்கு மருத்துவரை நாடுவோம்.