பிள்ளையின் கையிற் கைத்தொலைபேசி

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிற் பெற்றோர் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய பேச்சு)



பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பேச, பிள்ளை பெறாத ஒரு மாணவனை மேடை ஏற்றிவிட்டார்களே என்று முன்வரிசைப் பெரியவர்கள் எண்ணக்கூடும். அது நியாயமே. ஆயினும் தாய் தகப்பனுக்குச் சொல்லாத சில சங்கதிகளைப் பிள்ளைகள் என்போன்ற அண்ணன்மாருக்குச் சொல்லுகிறார்கள். அந்த ஒரு தகுதியோடுதான் இங்கு நிற்கிறேன்.

2020 மார்ச்சிற் கொரோனாவினாற் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. கனடாவிலிருக்கும் மாமாவோடு பேசுவதற்கென்று வீட்டில் இருந்த கருவி, படிப்பின் பேரால் பிள்ளையின் கைக்குப் போயிற்று. பாடசாலைகள் திறந்தன; கருவி திரும்பி வரவில்லை. வேலிக்கும் படலைக்கும் பேர்போனது நம் யாழ்ப்பாணம். படலையை யார் திறந்தாலும் நாய் குரைக்கும், ஆச்சி எட்டிப் பார்ப்பார். இப்போதோ அந்நியன் படலையால் வருவதில்லை. பிள்ளை படுத்திருக்கும் அறைக்குள்ளேயே வந்துவிடுகிறான்.

சென்ற வருடம் அயலிலுள்ள பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இரவு பதினொரு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான். விளையாட்டுச் செயலி ஒன்றில், பெண்பிள்ளை என்று சொல்லிக்கொண்ட ஒருவர் அவனோடு பழகியிருக்கிறார். சில நாளிற் படம் கேட்டார்; இவனும் அறியாமையால் அனுப்பிவிட்டான். மறுநாளே காசு கேட்டு மிரட்டல் வந்தது. தராவிட்டால் உன் சொந்தக்காரர் எல்லாருக்கும் அனுப்புவேன் என்று அவர்களின் பெயர்ப் பட்டியலையும் காட்டினார்களாம். திருவிழாவுக்கு உடுப்பு வாங்க மாமா அனுப்பிய காசை இரண்டு முறையாகக் கொடுத்துவிட்டான். மூன்றாம் முறை கொடுக்க ஒன்றுமில்லை. “அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன். “அடிப்பார் எண்டு பயமில்லை அண்ணா. போனைப் பறிச்சுப்போடுவார், அம்மா அழுவா, பிறகு ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடும்” என்றான்.

பெரியோர்களே, மிரட்டியவனின் முதல் அந்தப் படம் அன்று. நம் வீட்டு மானத்தைப் பற்றிய அச்சமே அவனுடைய முதல். எந்த நாட்டிலிருந்தோ அவன் அதனை அறிந்து வைத்திருக்கிறான். கனடாவில் அமண்டா ரொட் என்னும் பதினைந்து வயதுச் சிறுமி இவ்வாறான மிரட்டலாலும் அதனைத் தொடர்ந்த ஏளனத்தாலும் 2012 ஒக்டோபரில் உயிரை மாய்த்துக்கொண்டாள். மிரட்டியவன் அத்திலாந்திக்குக்கு அப்பால், நெதர்லாந்தில் இருந்தான். கனடிய நீதிமன்றம் அவனைக் குற்றவாளியாகக் கண்டது 2022 இல்.

அப்படியானால் தினமும் போனை வாங்கிச் சோதித்தால் என்ன என்பீர்கள். எனது தகப்பனார் மிஷன் பாடசாலை விடுதியில் இருந்த காலத்திற் கடிதங்கள் உடைத்து வாசிக்கப்பட்ட பின்பே கைக்கு வருமாம். பையன்களோ மதிலுக்கு வெளியே கடலை விற்ற ஆச்சியின் கையிற் கடிதங்களைக் கொடுத்து அனுப்பினார்களாம்! இன்றைய பிள்ளைக்கு ஆச்சியும் வேண்டாம். இரண்டாவது கணக்கொன்று போதும். சின்னப் பிள்ளைகளுக்குக் கூகிளின் ‘பமிலி லிங்க்’ போன்ற கட்டுப்பாடுகள் உதவும், போட்டுக்கொள்ளுங்கள். பதின்மூன்று வயதானாற் கணக்குத் திறக்கலாம் என்று தளங்கள் சொல்வதைப் பார்த்து ஏமாறவேண்டாம். அந்த வயது, பெற்றோரின் சம்மதமின்றிச் சிறுவரின் விபரங்களைத் திரட்டுவதைத் தடுத்த 1998 ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்திலிருந்து வந்தது. பிள்ளையின் முதிர்ச்சியை அளந்து வைத்த வயது அன்று.

வளர்ந்த பிள்ளைக்கு வேண்டியது வேறு. நல்லூர்த் தேருக்குப் போகுமுன் தாய்மார் என்ன சொல்லுகிறார்கள்? “கூட்டத்திலை தவறினால் இந்த இடத்திலை வந்து நில், நான் வருவன்” என்கிறார்கள். ஏன் தவறினாய் என்று அங்கே ஒருவரும் முதலில் அடிப்பதில்லை, கண்டவுடன் கட்டிப்பிடிக்கிறார்கள். அதே பேச்சை இன்றிரவு வீட்டிற் பேசுங்கள். “பிழையாக ஏதும் நடந்தால், நீ செய்த பிழையாகவே இருந்தாலும், முதலில் என்னிடம் வா, போனையும் பறிக்கமாட்டேன்” என்று சொல்லுங்கள். சொன்ன பின் அச்சொல்லைக் காப்பாற்றுங்கள். அதுவே கடினமானது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், கோபிக்கவேண்டாம். பிள்ளையை இணையத்தில் முதலில் ஏற்றுகிறவர்கள் அநேகமாக நாமே. சாமத்திய வீட்டுப் படங்களையும் காணொளிகளையும் பெயர், ஊர், பாடசாலையோடு பேஸ்புக்கிலும் யூரியூப்பிலும் உலகம் முழுவதற்கும் திறந்து விடுகிறோம். வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பவனை ஏசும் நாம் இதனைப் பெருமை என்கிறோம். இன்று செயற்கை நுண்ணறிவு கொண்டு ஒரு முகப்படத்திலிருந்து ஆபாசப் படம் செய்துவிடலாம். எதுவுமே அனுப்பாத பிள்ளையையும் மிரட்டலாம். படம் எடுங்கள், அல்பம் வையுங்கள், வெளிநாட்டு உறவினருக்குத் தனியே அனுப்புங்கள். படப்பிடிப்பாளரிடம் அவரது விளம்பரப் பக்கத்திற் போடவேண்டாம் என்று முற்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிள்ளையிடமும் ஒரு சொல் கேளுங்கள்.

மிரட்டல் வந்துவிட்டாற் காசு கொடுக்கவேண்டாம். கொடுத்தவனிடமே மீண்டும் கேட்பார்கள். செய்திகளை அழிக்காமல், கணக்கின் பெயர், இலக்கம், திகதி தெரியத் திரையைப் படம் பிடித்து வைத்துவிட்டுத் தொடர்பைத் துண்டியுங்கள். பிள்ளையின் படத்தை ‘காட்டுவதற்கு’ என்று மச்சானுக்கோ மாமாவுக்கோ அனுப்பவே கூடாது. பதினெட்டு வயதுக்குட்பட்டோரின் அத்தகைய படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் நம் நாட்டுச் சட்டத்திற் குற்றம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்துக்குத் தமிழிலேயே பேசலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். படம் பரவாமற் தடுக்க, ‘ரேக் இற் டவுன்’ என்னும் இலவச சேவை 2023 இல் அமெரிக்காவில் ஆரம்பமாகியது. அதற்குப் படத்தை அனுப்பத் தேவையில்லை. கைரேகை போன்ற ஓர் எண்தொடர் மாத்திரம் பிள்ளையின் கருவியிலிருந்து போகிறது. அதனைக் கொண்டு பேஸ்புக், இன்ஸ்ரகிராம் முதலிய தளங்கள் அப்படத்தை இனங்கண்டு தடுக்கின்றன.

அந்தப் பையனின் தகப்பனாரிடம் அன்றிரவே நானும் அவனோடு போனேன். அவர் நெடுநேரம் பேசாமல் விறாந்தையில் இருந்தார். பின்பு, “சாப்பிட்டியோ?” என்று மாத்திரம் மகனைக் கேட்டார்.

1929 என்பதைச் சங்க வாசலில் உள்ள அறிவித்தற் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். வரும் ஞாயிறு பின்னேரம் கைத்தொலைபேசியோடு வருகிறவர்களுக்குக் கட்டுப்பாடுகளை அமைத்துக் காட்டுவோம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.