உலைக்களம் யாருடையது?



வீட்டில் கொல்லுப்பட்டறை அமைப்பது பற்றிப் பேசச் சொன்னீர்கள். முனைவர் பட்ட ஆய்வுக்கு நடுவே, ஓய்வு நேரத்தில் இரும்படிக்கக் கற்றுக்கொண்டவன் நான். முதலில் பட்டறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பெரிய செலவில்லை. காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கும் லாரி பிரேக் டிரம்தான் உலை. அடியில் ஒரு இரும்புக் குழாய், காற்றுக்குச் சிறு புளோயர், எரிக்க மரக்கரி. பட்டடைக்கல்லுக்குப் பதிலாகக் கனத்த இரும்புக் கட்டி. ஒரு கிலோ சுத்தியல், நீண்ட குறடு, ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல். லாரியின் பழைய லீஃப் ஸ்பிரிங் கத்திக்கு ஏற்ற எஃகு. கண்ணாடி அணியாமல் சுத்தியலைத் தொடாதீர்கள். மூடிய அறையில் கரி மூட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் கொல்லும். துத்தநாகம் பூசிய இரும்பை உலையில் வைக்காதீர்கள். அந்தப் புகை காய்ச்சலில் தள்ளும்.

சுமார் 770 டிகிரி செல்சியஸில் காந்தம் இரும்பை இழுப்பதை நிறுத்திவிடும். அதற்குச் சற்று மேலே சூடாக்கி, எண்ணெயில் முக்கினால் எஃகு கடினமாகும். பிறகு மிதமான சூடு காட்டிப் பதப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடிபோல் உடையும். இது உலோகவியல். காந்தமும் வெப்பமானியும் இல்லாமல், நெருப்பின் நிறத்தை வைத்தே இதைச் செய்தவர்களைத்தான் நம் சமூகம் படிக்காதவர்கள் என்றது.

சுத்தியல் சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர், “தம்பி, நீங்க ஆசாரிங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “அப்ப உங்களுக்கு எதுக்குத் தம்பி இந்த வேலை?” என்றார்.

தொழில் பிறப்பால் வர வேண்டும், பிறப்பால் வராதவர் அதைத் தொடக்கூடாது என்கின்றன இந்த இரண்டு கேள்விகளும். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்குகிறது என்று 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர் விளக்கியது இதைத்தான். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னது. பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று எதிர்த்தார்கள். 1954இல் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. 2023 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் விஸ்வகர்மா திட்டமோ, 18 தொழில்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் குடும்பவழித் தொழில்கள் என்றே அடையாளப்படுத்துகிறது. விண்ணப்பிக்கும் வயது 18. கல்லூரிக்குப் போக வேண்டிய வயது அது. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கு, குறைந்தபட்ச வயதை 35 ஆக்கு என்று தமிழ்நாடு அரசு கேட்டதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

என் நிலைமை வேறு. பிடிக்காத நாளில் உலையை அணைத்துவிட்டு நூலகத்துக்குப் போவேன். அதே வேலையைச் செய்தால் என்னைத் திறமைசாலி என்பார்கள். கொல்லர் வீட்டுப் பையனைக் குலத்தொழிலை விடாதவன் என்பார்கள். உள்ளே வரும் கதவும் வெளியே போகும் கதவும் எனக்குத் திறந்திருக்கின்றன. அவருக்கும் அவை திறக்காதவரை என் பொழுதுபோக்கு வெறும் சலுகைதான், புரட்சி அல்ல.

கொல்லர்களைப் புனிதப்படுத்தவும் வேண்டாம். கம்மாளர்களில் பூணூல் அணிந்து பிராமணர்க்கு இணையென வாதிட்டவர்கள், தமக்குக் கீழே வைக்கப்பட்டவர்களிடம் தீண்டாமை பாராட்டத் தயங்கவில்லை. படிநிலையில் நாம் ஏறிக்கொண்டால் மட்டும் படிநிலை ஒழியாது.

தமிழ் மண்ணில் 5,300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு இருந்தது என்று 2025 ஜனவரியில் அறிவித்தபோது மகிழ்ந்தோம். அந்தப் பெருமையில் இன்று இரும்படிக்கும் கைக்கு என்ன பங்கு கொடுத்தோம்?

அதனால் பட்டறை அமைக்கும் தோழர்களிடம் எனக்கு மூன்று கோரிக்கைகள். வீடியோ பார்ப்பதோடு நிறுத்தாமல், ஒரு கொல்லரிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வராமல், ஆசிரியருக்குரிய கட்டணத்தைக் கொடுங்கள். உங்கள் உலைக்களத்தில் பெண்களும் தலித் தோழர்களும் சுத்தியல் பிடிக்கட்டும். அந்தக் கொல்லரின் மகள் உலோகவியல் படிக்க விரும்பினாலும், இரும்பே வேண்டாம் என்று சட்டம் படிக்க விரும்பினாலும், விண்ணப்பம் நிரப்புவதிலிருந்து கூடவே நில்லுங்கள்.

ஜெய் பீம்.