சுண்ணாம்பும் செங்கற்பொடியும்

(திருநகரில் ஊராட்சித் தலைவர்களும் கொத்தனார்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும், செங்கல்லை இடித்தெடுத்த பொடியுமே அது. எனினும் இவ்விரண்டின் வலிமையால்தான் மதுரைச் சமவெளியில் பல்லாயிரம் ஏக்கர் நெல் விளைகிறது.

முல்லைப் பெரியாறு அணையை நீங்கள் அறிவீர்கள். பொறியாளர் பென்னிகுவிக் அவர்களின் பொறுப்பில் 1887-இல் தொடங்கிய வேலை 1895-இல் நிறைவெய்தியது. அடித்தளத்திலிருந்து 176 அடி உயரமுள்ள அவ்வணையின் உட்பகுதி சிமெண்டு அன்று. சுண்ணாம்பும் செங்கற்பொடியாகிய சுர்க்கியும் கலந்த காரையே. அது தேக்கும் நீர் மலையைக் குடைந்த சுரங்கவழியே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையில் சேர்ந்து, பேரணையில் வாய்க்காலாகப் பிரிந்து நம் வயல்களை நாடி வருகிறது. 1979-க்குப் பின் அவ்வணையின் தலைமேல் காங்கிரீட் பாரம் ஏற்றியும், இரும்பு வடங்களால் பிணைத்தும், பின்புறம் காங்கிரீட் சுவர் கொடுத்தும் வலுப்படுத்தினர் என்பதையும் சொல்லவேண்டும். ஆயினும் அதற்கு முன்பே அக்காரை எண்பது ஆண்டுகளுக்கு மேல் வெள்ளத்தைத் தாங்கி நின்றுவிட்டது.

வெறும் சுண்ணாம்பு இதனைச் செய்யாது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு இறுகுவது. காற்றுப் புகாத கனத்த சுவரின் நடுவிலும் நீரினடியிலும் இளகியே கிடக்கும். சுட்ட களிமண்ணில் மணற்சத்தும் அலுமினாவும் உள்ளன. ஈரத்தில் இவை சுண்ணாம்போடு கூடிக் கரையாத கல்லாகின்றன. உரோமர் செங்கற்பொடிக்குப் பதிலாக எரிமலைச் சாம்பலை இட்டுக் கடலுக்குள்ளேயே துறைமுகம் கட்டினர்.

இப்பழங்கதை இன்று எதற்கு என்பீர்கள். நமது கண்மாய் மடைகள் பல சுண்ணாம்புக் காரையில் எழுந்தவை. அவற்றில் கசிவு கண்டவுடன் சிமெண்டைப் பூசிவிடுகிறோம். ஒரு கண்மாயில் அப்பூச்சு இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. உதிர்ந்தபோது செங்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு போயிற்று. கடைமடை வயல்கள் காய்ந்தன. பழஞ்சுவர் ஈரத்தை வெளியே விட்டு மூச்சுவிடுவது. சிமெண்டு அதன் வாயை அடைத்துவிடுகிறது. உள்ளே தங்கிய ஈரத்திலுள்ள உப்பு படிகமாகிப் பூச்சைத் தள்ளுகிறது. சிமெண்டின்மீது நமக்குப் பகையில்லை. கம்பி கட்டிய காங்கிரீட் கூரைக்கு அதுவே உரியது. பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே உறவு.

ஆனால் செய்முறையில் சோம்பல் கூடாது. சூளையில் கருகிக் கிடக்கும் கல் மலிவென்று அதைப் பொடிப்பவர் உண்டு. அது சாரமிழந்த பொடி. அளவாக வெந்த சிவந்த கல்லே வேண்டும், மாவாகச் சலிக்கவேண்டும். மாடு சுற்றிக் கல்லுருளையில் காரை அரைத்த முன்னோர் வீண்பொழுது போக்கவில்லை. அரைக்க அரைக்கவே இரண்டும் ஒன்றோடொன்று நெருங்கும். பூசியபின் இரண்டு வாரமேனும் ஈரச்சாக்கு மூடிக் காக்கவேண்டும். இங்கேதான் பெரும்பாலான வேலை கெடுகிறது. பட்டியலில் தண்ணீர் தெளிக்கும் ஆளுக்குக் கூலி எழுதுகிறோம், ஆளைத்தான் காண்பதில்லை!

பொடி நல்லதா என்றறிய எளிய சோதனை உண்டு. சுண்ணாம்பு மட்டும் பிசைந்த உருண்டை ஒன்று, பொடி கலந்த உருண்டை ஒன்று. இரண்டையும் ஒரு வாரம் ஈரத்துணியில் வைத்துப் பின் நீரிலிடுங்கள். முன்னது குழையும். பின்னதும் குழைந்தால் அப்பொடியை வாங்காதீர்கள்.

சென்ற வாரம் பிசைந்த உருண்டைகள் அந்த மேசைமேல் உள்ளன. வாளியில் நீரும் இருக்கிறது. அடுத்துச் சுண்ணாம்பு நீற்றுவதைக் காணப்போகிறோம். நீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. கண்ணாடி அணிந்தவர்கள் மட்டும் தொட்டியருகே வாருங்கள். மற்றவர்கள் கயிற்றுக்கு அப்பால் நிற்கவேண்டுகிறோம்.